கமா அக்காவும் நகராத புள்ளியும்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் கமா அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். முடித்துவிட்டார் என்று நினைத்து எதிராளி வாயைத் திறக்கும் நேரத்தில் மீதிப் பாதி வரும். இங்கே சேர்வதற்கு முன்னால் ஒரு பதிப்பகத்தில் பல வருஷம் பிழை திருத்துபவராக இருந்தவர். பதிப்பகத்தை இழுத்து மூடியதும் இந்த வேலைக்கு வந்தார். பட்டப் பெயர் பழைய வேலையால் வந்ததா, பேச்சால் வந்ததா என்று ஒரு தடவை கேட்டேன்.

"ரெண்டும்தான்," என்றார். நான் திரும்பிக்கொண்ட பிறகு, "முற்றுப்புள்ளின்னு வைக்காம விட்டீங்களே, அது வரைக்கும் சரி," என்றார்.

எங்களுடையது ஒரு வலைப்பதிவு நிறுவனம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். வாசிக்கப்படும் பதிவுக்கு மாதா மாதம் சன்மானம் உண்டு. அந்த ‘வாசிக்கப்படும்’ என்ற சொல்லில்தான் எல்லாத் தலைவலியும். ஆரம்பத்தில் எத்தனை பேர் திறந்தார்கள் என்று எண்ணினார்கள். உடனே தலைப்புகள் எல்லாம் பற்றி எரிந்தன; உள்ளே போனால் ஈரத் துணி. சரி, எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பார்ப்போம் என்றார்கள். கூட்டாளிகள் ஒருவர் பதிவை ஒருவர் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்கள். பின்னூட்டத்தை எண்ணிப் பார்த்தபோது ‘அருமை’ என்ற சொல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. கடைசியில், வாசிப்பவரின் தடத்தையே அளப்பது என்று முடிவாயிற்று. எந்த வரியில் நின்றார், எங்கே பின்னால் போனார், எங்கே தாவினார் என்பதையெல்லாம் கணினி பார்த்து, இது நிஜ வாசிப்பு, இது வேஷம் என்று மதிப்பெண் போடும். அதற்கே குழப்பமாக இருப்பவை எங்கள் அறைக்கு வரும். அதனால் எங்கள் அறைக்குச் சந்தேக அறை என்று பெயர். உள்ளே இருப்பவர்களுக்கும் அந்தப் பெயரின் சாயல் படிந்துவிட்டது என்று என் கணவர் சொல்வார். நான் வீட்டில் குழம்பு ருசி பார்க்கும்போதுகூட ஒருமாதிரி பார்க்கிறேனாம்.

எங்கள் திரையில் பதிவின் எழுத்துகள் தெரியாது. எழுத்தைப் பார்த்தால் பிடித்தது பிடிக்காதது வந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வரியும் ஒரு சாம்பல் பட்டையாக மட்டும் இருக்கும். அதன் மேல் ஒரு மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளிதான் வாசகர். அது நகர்வதைப் பார்த்து பச்சையையோ சிவப்பையோ அழுத்த வேண்டும். நான் பக்கத்து நாற்காலி. நாங்கள் இருவரும் நாள் முழுக்க அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்போம். "இது பஸ்ல போயிட்டே படிக்குது," என்பார் கமா அக்கா. "இதுக்குத் தூக்கம் வந்துருச்சு. இது அடுத்தவன் எப்போ தப்புப் பண்ணுவான்னு தேடிப் படிக்குது, பிழை திருத்துறவளா இருக்கும்." நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். அது முன்பு.

அவரும் அவருடைய தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்று வருத்தப்பட நேரமும் இல்லை என்பார் அக்கா. அவ்வளவு பேச்சாம் வீட்டில். தங்கை ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் நாள் முழுக்கத் தனியாகப் பேசிப் பழகியவர். அந்தத் தங்கைக்குக் காய்ச்சல் என்று ஆரம்பித்தது. காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் கோளாறு என்றார்கள். மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாங்கள் அலுவலகத்திலிருந்து துக்கம் கேட்கப் போனோம். கமா அக்கா எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். "வெயில்ல வந்திருக்கீங்க," என்றார். யாரோ அழ ஆரம்பித்ததும் எழுந்து போய் மின்விசிறியை இன்னும் ஒரு சுற்றுக் கூட்டி வைத்துவிட்டு வந்தார். அவருடைய அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "அழவே இல்லம்மா. கல்லு மாதிரி இருக்கா. நீயாவது ஏதாவது பேசி அழ வையேன்," என்றார். அழ வைப்பது எப்படி என்று எனக்கு மட்டும் தெரியுமா?

அடுத்த வாரமே வேலைக்கு வந்துவிட்டார். வேலையில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் வேகம் கூடியிருந்தது. புள்ளிகளைப் பற்றிப் பேசுவது மட்டும் நின்றுபோயிற்று. பச்சை, சிவப்பு, சிவப்பு, பச்சை. மதியம் டப்பாவைத் திறப்பார். எதிரே வைத்தது எதுவோ அதைச் சாப்பிட்டு மூடுவார். ஒரு நாள் அவருடைய சோற்றில் உப்பே இல்லை. என் கையிலிருந்த ஊறுகாயை நீட்டினேன். "நல்லாத்தானே இருக்கு," என்றார்.

அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார்.

"என்னால படிக்க முடியல."

"கண்ணு காட்டுனீங்களா?"

"கண்ணு சரியாத்தான் இருக்கு. எழுத்து தெரியுது. வரி முடியுற இடத்துக்கு வந்தா, தொடங்குன இடம் இல்ல. பேப்பரு, புத்தகம், மருந்துச் சீட்டு, எல்லாமே அப்படித்தான்." நான் முடிந்தது என்று நினைத்தேன். "இந்த வேலையில எழுத்தே இல்லையே. அதனால நிம்மதி," என்று முடித்தார்.

வாழ்நாள் முழுக்கப் படித்தே பிழைத்தவர் அவர். அடுத்தவர்கள் நிஜமாகப் படிக்கிறார்களா என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அவரால் ஒரு பத்தியைக்கூடப் படிக்க முடியவில்லை. எனக்கு அதை வேடிக்கை என்றும் சொல்லத் தெரியவில்லை, கொடுமை என்றும் சொல்லத் தெரியவில்லை. ஊறுகாய் பாட்டிலை மூடி வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் அந்தத் தடங்கள் வந்தன. சின்னச் சின்னப் பதிவுகள். எழுதியவர் ஒருவர், வாசிப்பவர்கள் ஏழெட்டுப் பேர். எல்லோரும் ஒரே நாளில் கணக்குத் தொடங்கியவர்கள். ஒரே இடத்து இணைய இணைப்பு. வேலை நாட்களில் காலையில் எல்லோரும் ஒன்றாகத் திறக்கிறார்கள். ஒரு பக்கம்கூட வராத பதிவில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கிறார்கள். புள்ளி ஒரு பட்டையின் மேல் வந்து அப்படியே நிற்கிறது. பின்னால் போகிறது. மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. பின்னூட்டம் எதுவும் கிடையாது.

இப்படி ஒரு திருட்டு உண்டு. பழைய செல்போன்களைத் தட்டில் வரிசையாக அடுக்கி, ஒரு சின்ன மோட்டார் கை திரையைத் தள்ளும்படி வைத்துவிடுவார்கள். கை ஒழுங்காக அமையாவிட்டால் புள்ளி இப்படித்தான் சிக்கிச் சிக்கி நிற்கும். கமா அக்கா அதிகம் யோசிக்கவில்லை. நானாக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டேன். எல்லாவற்றுக்கும் சிவப்பு. எங்கள் விதிப்படி அத்தனை வாசகரும் போலி என்றால் எழுதியவரின் பக்கமே பூட்டப்பட்டுவிடும். யாரும் திறக்க முடியாது. பூட்டியாயிற்று.

ஒரு வாரம் போயிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் இறங்கி வரும்போது வாசலில் காவலாளியோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். பஸ் ஓட்டுநர் சீருடை. சண்டை போடவில்லை. சண்டை போடுகிறவரை அனுப்புவது காவலாளிக்குச் சுலபம். இவர் நிறுத்தாமல் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்ததால் காவலாளிக்கு வேர்த்துக் கொட்டியது.

"இங்க யாரையும் பாக்க முடியாது சார். மெயில் அனுப்புங்க."

"அனுப்பினேன் தம்பி. மிஷின் பதில் சொல்லுது. உங்க கருத்துக்கு நன்றிங்குது. நான் கருத்தே சொல்லல, பக்கத்தைத் திறந்து விடுங்கன்னுதான் கேட்டேன்."

கமா அக்கா நின்றார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ஓட்டுநர் பெயரைச் சொன்னார். பதிவின் பெயர், ஆள் பெயர் இல்லை. அவர் ஓட்டும் பஸ்ஸின் எண்தான் பதிவுக்கும் பெயர். அக்காவுக்கு அது உடனே நினைவுக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் எனக்கும் வந்தது.

"நான்தான் அதைப் பூட்டினேன்," என்றார் அக்கா.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. ஓட்டுநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன்.

"நீங்க மனுஷங்களா? நல்லதாப் போச்சு," என்றார். "காசு வேண்டாம்மா. அதை நீங்களே வச்சுக்குங்க. என் வீட்டுக்காரிக்குப் பாதியில நிக்குது. அதுக்குத்தான் வந்தேன்."

எதிர்க் கட்டடத்தின் நிழலில் நின்றபடி அவர் சொன்னது இது. அவருடைய மனைவி ஒரு துணிக்கடையில் கல்லாவில் இருந்தவர். போன வருஷம் மூளையில் ரத்தக் குழாய் அடைத்து, வலது பக்கம் விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் படிப்பும் போயிற்று. எழுத்தைப் பார்த்தால் கோலம் மாதிரி இருக்கிறது என்று சைகையில் சொன்னாராம். பயிற்சி நிலையத்தில் சேர்த்தார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா படமும் சொல்லுமாகக் குழந்தைப் புத்தகத்தை நீட்டினார். மனைவி அதைத் தள்ளிவிட்டார். ஒவ்வொரு நாளும் தள்ளிவிட்டார். ஆப்பிள், பந்து, பூனை என்று படிக்க அவருக்கு இஷ்டமில்லை.

"எங்க வீட்டுல ஒரு வழக்கம்மா. நான் ராத்திரி வந்ததும் அன்னிக்குப் பஸ்ல நடந்ததைச் சொல்லணும். சொல்லாட்டி சாப்பாடு வராது. அதையே எழுதுனா என்னன்னு பயிற்சியம்மா கேட்டாங்க. எழுதினேன். சின்னச் சின்ன வரியா. அங்க பெரிய திரை வச்ச பலகை இருக்கு, எழுத்தைப் பெருசாக்கலாம், ரெண்டு தட்டுத் தட்டினா அந்தச் சொல்லை மட்டும் வாசிச்சும் காட்டும். இவ படிக்கிறதைப் பாத்து மத்தவங்களும் எங்களுக்கும் வேணும்னுட்டாங்க. பயிற்சியம்மா இவளையும் சேத்து எல்லாருக்கும் ஒரே நாள்ல கணக்குத் தொடங்கிக் குடுத்தாங்க. எல்லாரும் இவளை மாதிரிதான். ஒருத்தர் வாத்தியாரா இருந்தவரு. ஒருத்தர் வக்கீல்."

"பேப்பர்ல எழுதிக் குடுக்கலாமே," என்றேன் நான்.

"குடுத்தேன். வாங்க மாட்டேன்னுட்டா. எனக்குன்னு எழுதினா அது பாடமாம். எல்லாரும் படிக்கிற மாதிரி வந்தாத்தான் அது சேதியாம். இதைச் சொல்றதுக்கு அவளுக்கு ஒரு சாயங்காலம் பூரா ஆச்சு. அப்புறம் நான் எப்படி இல்லேங்கிறது?"

"பாதியில நிக்குதுன்னீங்க," என்றார் கமா அக்கா.

"ஒரு அம்மா ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கிட்டு வண்டியில ஏறினாங்க. அந்தக் கதை. அவங்க இறங்கினாங்களா இல்லையாங்கிற இடத்துல நீங்க பூட்டிட்டீங்க. நான் வாயால சொல்றேன்னா காதைப் பொத்திக்கிறா."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். காவலாளியின் முகத்தில் இருந்த அளவுகூட அதில் ஒன்றும் இல்லை. "சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிடாமலேயே மேலே ஏறிவிட்டார்.

எங்கள் மேலாளர் நல்லவர். எதற்கும் ஒரு விதி இருந்தால் இன்னும் நல்லவராகிவிடுவார். "மேடம், நீங்க போட்ட சிவப்பை நீங்களே பச்சையாக்க முடியாது. வேற ஒருத்தர் நேர்ல போய்ப் பாத்து உறுதி சொல்லணும். அப்படி ஒரு விதி இருக்கு. யாரும் இதுவரை போனதில்ல," என்றார்.

"பக்கத்து நாற்காலி போகும்," என்றார் அக்கா என்னைக் காட்டி. என்னைக் கேட்கவே இல்லை.

"நீங்க?"

"நானும்தான். தப்புப் போட்டது நான்."

மேலாளர் அன்று மாலையே தற்காலிகமாகப் பூட்டைத் திறக்க ஏற்பாடு செய்தார். ஓட்டுநருக்கு அக்காவே போன் செய்து சொன்னார். "நாளைக்குக் காலையில அங்க வர்றோம். அவங்ககிட்ட, அந்த அம்மா இறங்கற இடம் நாளைக்கு வரும்னு சொல்லுங்க," என்றார்.

பயிற்சி நிலையம் ஒரு மாடிப்படி இல்லாத கட்டடம். நீளமான அறை. ஜன்னல் ஓரமாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பலகை, ஒரு ஆள், மேசை விளிம்பில் துவாலை. பேச்சுப் பயிற்சியாளர் குரலைத் தாழ்த்தி எங்களிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "யாராவது தப்பாப் படிச்சா திருத்திடாதீங்க. அவங்களாத்தான் வரணும்."

"எனக்கு முப்பது வருஷம் திருத்தறதுதான் வேலை," என்றார் கமா அக்கா. பயிற்சியாளர் கொஞ்சம் பயந்துபோனார். "திருத்த மாட்டேன்," என்று அக்கா முடித்தார்.

ஓட்டுநரின் மனைவி கடைசி மேசையில் இருந்தார். தலையை வாரி இறுக்கப் பின்னியிருந்தது. கணவர் பின்னியது என்பது பார்த்ததும் தெரிந்தது. எங்களைப் பார்த்து இடது கையால் உட்காரச் சொன்னார், கடை முதலாளி மாதிரி. நான் என் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டேன். எங்கள் அறையில் பார்க்கும் அதே திரை. சாம்பல் பட்டைகள், மஞ்சள் புள்ளி. ஒரு பக்கம் புள்ளி, மறுபக்கம் ஆள். இரண்டையும் சேர்த்து அதுவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அவர் விரலைத் திரையில் வைத்தார். என் கணினியில் புள்ளி முதல் பட்டைக்கு வந்தது. நின்றது.

"அந்த... அம்மா..."

புள்ளி நிற்கிறது. அவருடைய உதடு குவிகிறது, விரிகிறது. நெற்றியில் வேர்வை கண்டது.

"முன்னாடி," என்றார்.

அது ‘கண்ணாடி’. அவருக்கும் அது தப்பு என்று தெரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டு வரியின் தொடக்கத்துக்குப் போனார். புள்ளியும் போயிற்று. மறுபடி வந்தார். "அந்த அம்மா... முன்னாடி." மேசையை இடது கையால் ஒரு தட்டுத் தட்டினார். மறுபடி தொடக்கம். எங்கள் அறையில் இதைத்தான் மோட்டார் கை சிக்கிக்கொண்டது என்று பார்த்தோம். வாய்க்குள் ‘கண்ணாடி, கண்ணாடி’ என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கமா அக்காவைப் பார்த்தேன். கை இரண்டையும் மடியில் வைத்து, அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தவில்லை. முகம் அப்படியேதான் இருந்தது.

"க...," என்றார் ஓட்டுநரின் மனைவி. "கண்... ணாடி." உடனே எங்களைப் பார்க்காமல் அடுத்த சொல்லுக்குப் போனார். பாராட்டுக்கு நேரமில்லை, அவருக்கு அந்த அம்மா இறங்கியாக வேண்டும்.

பக்கத்து மேசைகளிலும் அதே வரி நடந்துகொண்டிருந்தது. வாத்தியாராக இருந்தவர் ஒரு சொல் முன்னால் இருந்தார். வக்கீல் இன்னும் பஸ்ஸிலேயே ஏறவில்லை. அந்தப் பதிவை நான் எழுத்தாகப் படித்ததும் அப்போதுதான். கண்ணாடியைப் பார்த்து பஸ்ஸில் எல்லோரும் தலை வாரிக்கொண்டார்கள். நடத்துநர் சுமைக்கு டிக்கெட் கேட்டார். உள்ளே தெரிகிற ஆளுக்கெல்லாம் சேர்த்துக் கேட்பீர்களா என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டாள். அவள் இறங்கும் இடம் வந்தபோது கூட்டத்தில் கண்ணாடி வாசலுக்கு வரவில்லை. அதனால் பின்பக்கம் நின்ற எல்லோரும் முதலில் இறங்கினார்கள். பிறகு கண்ணாடி இறங்கியது. பிறகு எல்லோரும் ஏறினார்கள். கடைசி இரண்டு வரி: ‘வண்டி தாமதம். கண்ணாடி உடையவில்லை.’

அந்தக் கடைசி வரிக்கு வர வெகுநேரம் ஆயிற்று. "உடைய... வில்லை," என்றார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உடையல," என்று பேச்சு வழக்கில் தனக்குத்தானே இன்னொரு முறை சொன்னார். பிறகு கமா அக்காவின் பக்கம் திரும்பி, அது அக்காவால்தான் நடந்தது மாதிரி, "உடையல," என்றார்.

"ஆமா. உடையல," என்றார் அக்கா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுதேன். கமா அக்கா கைக்குட்டையைக் கொடுத்தார். "உனக்கு உடனே வந்துடுது," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பொறாமை என்றும் சொல்ல முடியாது. எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது மாதிரி இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையாக்கா?"

யோசித்தார். "அவங்க ‘கண்ணாடி’ன்னு சொல்ற வரைக்கும் நான் மூச்சு விடல. அது மட்டும் தெரியுது," என்றார். ஜன்னல் பக்கம் பார்த்தார். "அதுக்கப்புறம் விட்டுட்டேன்."

நான் பச்சை போட்டேன். பூட்டு நிரந்தரமாகத் திறந்தது. அதன் பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. இவ்வளவு ஊன்றிப் படிக்கப்படும் பதிவு வேறு எதுவும் இல்லை என்று கணினி முடிவு கட்டிவிட்டது. பஸ் ஓட்டுநரின் பதிவைத் தூக்கி முதல் பக்கத்தில் வைத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் திறந்தார்கள். திறந்தவர்கள் எல்லோரையும் போல ஓடினார்கள். தலைப்பு, நடுவில் ஒரு வரி, கடைசி வரி. அந்த ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில் மதிப்பெண் சரிந்தது. சில நாட்களில் பதிவு முதல் பக்கத்திலிருந்து இறங்கிவிட்டது. வருத்தமாக இருக்கும் என்று ஓட்டுநருக்குப் போன் செய்தேன்.

"நல்லதாப் போச்சும்மா. கூட்டம் இறங்கிடுச்சு. பழைய ஆளுங்க உக்கார இடம் கிடைச்சது," என்றார்.

மேலாளர் இதிலிருந்து ஒரு விதி செய்தார். ‘மெதுவாக வாசிப்பவர்களுக்கான பதிவு’ என்று எழுதுபவரே குறித்துக்கொள்ள ஒரு கட்டம் வைத்தார்கள். அடுத்த மாதமே ஊரிலுள்ள திருடர்கள் எல்லாம் அந்தக் கட்டத்தில் குறி போட்டார்கள். எங்கள் அறைக்கு வேலை இரட்டிப்பானது. "எனக்கு நல்ல எண்ணமே ஆகாது," என்று மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்ப்பது என்பதும் எங்கள் வேலையில் சேர்ந்துவிட்டது. நான் ஒரு சிறைச்சாலைக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்கும் போய் வந்திருக்கிறேன். ஒரு பழைய கிடங்குக்கும் போனேன். அங்கே நிஜமாகவே தட்டுத் தட்டாகச் செல்போன்கள்தான் இருந்தன.

கமா அக்கா சனிக்கிழமைகளில் அந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போக ஆரம்பித்தார். பயிற்சியாளர்தான் கேட்டாராம். உறவுக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் பொறுக்காமல் சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் கண் கலங்குகிறார்கள். இரண்டும் படிப்பவர்களுக்கு இடைஞ்சல். எதுவும் செய்யாமல், எதுவும் காட்டாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் கிடைப்பது கஷ்டம். "அதுக்கு என்னைவிட்டா யாரு," என்றார் அக்கா என்னிடம். அவர் தங்கை போன பிறகு நான் கேட்ட முதல் கிண்டல் அது.

அங்கே ஒரு நாள் ஓட்டுநரின் மனைவி படிப்பை நிறுத்திவிட்டு, "உனக்கு... யாரு?" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பொருள். ஒரு தங்கை இருந்தாள் என்று அக்கா சொன்னார். அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் வார்த்தை எதுவும் கைவசம் இல்லை, தேடினாலும் வந்திருக்காது. "பேரு?" என்று கேட்டார். அக்கா சொன்னார். அந்தப் பெயரை அவர் சொல்லிப் பார்த்தார். முதல் தடவை தப்பாக வந்தது. இரண்டாம் தடவையும் தப்பு. அக்கா திருத்தாமல் காத்திருந்தார். அறையைப் பூட்ட ஆள் வரும் வரைக்கும் அந்தப் பெயர் சரியாக வரவில்லையாம். அடுத்த வாரம் போனதும் முதல் வேலையாக அதைச் சரியாகச் சொன்னாராம்.

"அப்போ அழுதீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இல்ல. நல்லாயிருந்தது," என்றார்.

படிப்பது திரும்பி வந்துவிட்டதா என்றும் இன்னொரு நாள் கேட்டேன். அங்கே, அவர்களுடைய வேகத்தில், விரலோடு கூடவே போனால் ஒவ்வொரு சொல்லும் உள்ளே இறங்குகிறது என்றார். வீட்டில் தனியாகப் புத்தகத்தைத் திறந்தால் இன்னும் இல்லை. அண்ணன் யாரோ மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார், பார்க்கலாம் என்று இருக்கிறாராம். சோற்றில் இப்போது உப்பு இருக்கிறது. சில நாள் அதிகமாகவே இருக்கிறது.

போன வாரம் மதியம் சாப்பிடும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"ஓட்டுநர் வீட்டுக்காரம்மா இப்போ பேப்பர் படிக்கிறாங்க. கொலை, கொள்ளை, கள்ளக் காதல். அதுதான் வேணுமாம்."

"அவரோட பதிவு?"

"போன சனிக்கிழமை அவர் முன்னாடியே பலகையைத் தள்ளி வச்சுட்டாங்க. ‘பஸ்... போர்,’ அப்படின்னுட்டாங்க. ‘போர்’ங்கிறது மட்டும் சுத்தமா வந்தது."

"ஐயோ பாவம். அவர் என்ன சொன்னார்?"

கமா அக்கா தண்ணீரைக் குடித்தார். டப்பாவை மூடினார். நான் பேச்சு அவ்வளவுதான் என்று எழுந்தேன்.

"ரூட் மாத்திக் கேக்கப் போறாராம்," என்றார்.